வீட்டுக்குள் கடல்நீர்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி வெயில் கடிதங்கள். அக்னி நட்சத்திரம் முடிகிற வரை அப்படித்தான் வரும் என்பதால் சூட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சென்னையில் வீடு வீடாகப் போய்க் கடல்மீன் தொட்டிகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். இங்கே சொல்வதெல்லாம் நம்ம ஊர்த் தண்ணீரையும் நம்ம ஊர் கரண்ட்டையும் மனதில் வைத்துச் சொல்வது.

கேள்வி: நாலடி மரைன் டேங்க் வைத்திருக்கிறோம். மதியம் மூன்று மணிக்குத் தண்ணீர் 32 டிகிரி காட்டுகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஐஸ் போடலாம் என்கிறார் என் கணவர். போடலாமா? – வாசகி, மடிப்பாக்கம்

வேண்டாம்மா. 200 லிட்டர் தண்ணீரில் ஒரு டிகிரி இறக்கவே ஏறத்தாழ 2 கிலோ ஐஸ் வேண்டும். ஃப்ரிட்ஜில் இருக்கும் ஒரு ட்ரேயைக் கொட்டினால் தெர்மாமீட்டர் அசையாது. கிலோ கணக்கில் கொட்டினாலோ சூடு சட்டென்று இறங்கி, கொஞ்ச நேரத்தில் திரும்ப ஏறும். ஐஸ் கரைந்த நல்ல தண்ணீரால் உப்பும் குறையும். இந்த ஏற்ற இறக்கம் மீனுக்கு 32 டிகிரியைவிட மோசம்.

மீன் ஏன் மேலே வருகிறது என்பதை முதலில் பார்க்கலாம். அது வருவது மூச்சுக்காக. 25 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும். கடல்நீர் அதே சூட்டில் 7-ஐக்கூடத் தொடாது. 32 டிகிரிக்குப் போனால் 6 பக்கம் வந்துவிடும். சூடு கூடக் கூட மீனுக்கு ஆக்ஸிஜன் தேவையும் கூடும். அதனால் இன்று மதியமே வேவ்மேக்கரை (தொட்டிக்குள் அலை எழுப்பும் சின்ன பம்ப்) மேல்பக்கமாகத் திருப்பி, தண்ணீரின் மேல்பரப்பு நன்றாகக் கலங்கும்படி வையுங்கள். காற்றுக் குமிழியால் அழுக்கை நுரையாக்கி வெளியே எடுக்கும் ஸ்கிம்மர் நிற்காமல் ஓடட்டும். ஒரு ஏர் பம்ப்பும் போடுங்கள்.

அப்புறம் சூட்டுக்கு வரலாம். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை மூடி போடுங்கள். ஒன்றுமே போடாமல் விட்டால் ராஸ், கோபி போன்ற மீன்கள் துள்ளித் தரையில் வந்து கிடக்கும். தண்ணீரின் மேல்பரப்பில் காற்று படும்படி இரண்டு சின்ன ஃபேன் வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். தண்ணீர் ஆவியாவதால் வருகிற குளிர்ச்சி அது. அறையை மூடிவைத்தால் காற்று ஈரமாகி ஆவியாவதே குறைந்துவிடும், ஜன்னல் திறந்திருக்கட்டும். விளக்கைப் பகலில் எரியவிடாமல் மாலை 5 மணிக்கு மேல் மாற்றுங்கள்.

25 டிகிரிக்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று சில்லர் வாங்க ஓட வேண்டாம். மீன் மட்டும் உள்ள தொட்டி ராத்திரி பகல் இரண்டிலும் 28-லேயே நின்றால் போதும், நான் பார்க்கும் தொட்டிகள் பலவும் அப்படித்தான் ஓடுகின்றன. இரவு ஏசியில் 24, பகலில் 31 என்று ஆடுகிற தொட்டியில்தான் நோய் வருகிறது.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். 2016 டிசம்பர் வர்தா புயலிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பம்ப் நின்றால் பாக்டீரியா, பசி, அழுக்கு என்று எதுவும் பிரச்சினையாகும் முன்பே மூச்சு பிரச்சினையாகிவிடும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இன்வர்ட்டர் இருந்தால் ஒரு வேவ்மேக்கரை மட்டும் அந்த லைனில் கொடுங்கள், அது சொற்ப வாட்தான் இழுக்கும். ஒன்றுமே இல்லாத நேரத்தில் மக்கில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். கரண்ட் வரும் வரை தீனி வேண்டாம்.

கேள்வி: உப்பு சேர்க்கவே இல்லை. ஆனால் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 1.030 காட்டுகிறது. குறைகிற தண்ணீருக்கு மட்டும் கலந்து வைத்த உப்புத் தண்ணீரை ஊற்றுகிறேன். – வாசகர், அம்பத்தூர்

அதுதான் காரணம் சார். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 200 லிட்டரில் தினம் 4 லிட்டர் ஆவியாவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் போட்ட தொட்டியில் மே மாதத்தில் இது நடக்கக்கூடியதுதான். ஐந்தே நாளில் 20 லிட்டர் போயிருக்கும், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு 39-க்குப் பக்கத்தில் வந்துவிடும். அதன்மேல் உப்புத் தண்ணீரையே ஊற்றினால் உப்பு கூடிக்கொண்டேதான் போகும். குறைந்த தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, தினமும் காலையில் அந்தக் கோடு வரை ஊற்றுங்கள். இப்போது ஏறியிருக்கும் உப்பை 1.025-க்குக் கொண்டுவர நாலைந்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் இறக்க வேண்டாம்.

குடிக்கிற ஆர்.ஓ. மெஷின் தண்ணீரை அப்படியே ஊற்றுபவர்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் ஒருமுறை பாருங்கள். ருசிக்காக அதில் வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவார்கள். போர் தண்ணீர் உள்ள வீடுகளில் 100-க்கு மேல்கூடக் காட்டும். மெம்பரேனிலிருந்து (மெஷினுக்குள் வடிகட்டும் சவ்வு) நேராக ஒரு குழாய் எடுத்து, மிஞ்சிய உப்பையும் உறிஞ்சும் டி.ஐ. ரெசின் வழியாக விட்டால் பூஜ்யம் காட்டும். அதுதான் தொட்டிக்கு வேண்டிய தண்ணீர்.

கேள்வி: கடையிலிருந்து ஆள் வந்து தொட்டி, மணல், தண்ணீர் எல்லாம் செட் செய்து அன்றே ஆறு டாம்சல் மீனும் விட்டுக் கொடுத்தார்கள். எட்டாம் நாளுக்குள் நாலு செத்துவிட்டன. தண்ணீர் பளிங்காக இருக்கிறது. இது என்ன நோய்? – வாசகர், பெரம்பூர்

நோய் எதுவும் இல்லை. அம்மோனியா. அதற்கு நிறம் கிடையாது, அதனால்தான் தண்ணீர் பளிங்காகத் தெரிகிறது.

மீனின் கழிவும் மிஞ்சின தீனியும் அம்மோனியாவாகும். கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் தாங்கும். இந்தப் பாக்டீரியாக் கூட்டம் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். உங்கள் தொட்டியில் அது இன்னும் பிறக்கவே இல்லை. இதில் கடல் தொட்டிக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7 உள்ள நல்ல தண்ணீரில் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. கடல்நீரின் 8.2-ல் அந்தப் பங்கு பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். அதே அளவு அழுக்கு, பல மடங்கு விஷம்.

மிச்சம் இருக்கும் இரண்டையும் காப்பாற்றப் பாருங்கள். அம்மோனியா டெஸ்ட் கிட் இன்றே வாங்குங்கள். கிட் பூஜ்யம் காட்டும் வரை தினமும் நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். புதுத் தண்ணீரை முந்தின நாளே ட்ரம்மில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் மரைன் சால்ட் போட்டு, ஒரு பம்ப் ஓடவிட்டுக் கலந்து வையுங்கள். சமையல் உப்பு ஆகாது. உப்பைத் தொட்டிக்குள் நேராகவும் கொட்டக் கூடாது. தீனி ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு சிட்டிகை.

டாம்சல் தாங்கும் மீன் என்று சொல்லி அதை வைத்தே தொட்டியைப் பழக்குவது, அதாவது பாக்டீரியாவை வளர்ப்பது, பல இடங்களில் நடக்கிறது. எனக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. செவுள் வெந்துபோய் மூலையில் ஒதுங்கி நிற்கும் மீனைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். மீனே இல்லாமல் பழக்கலாம். தோல் உரித்த பச்சை இறால் ஒரு துண்டை வலைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். அது அழுக அழுக அம்மோனியா ஏறும், பிறகு இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகு ஒரு ஜோடி மீன். அடுத்த ஜோடிக்கு இன்னும் ஒரு மாதம் பொறுங்கள், பாக்டீரியாவும் மீன் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூட வேண்டும். நடுவில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பாக ஒரு பாசி படரும். புதுத் தொட்டியில் அது வந்து தானாகவே போகும். அதற்கு மருந்து ஊற்றாதீர்கள்.

கேள்வி: பீச் பக்கத்திலேயே வீடு. சால்ட் விலையைப் பார்த்தால் கேனில் கடல் தண்ணீரையே எடுத்து வரலாம் போலிருக்கிறதே? – வாசகர், திருவான்மியூர்

கரையில் நின்று மொண்டு வருகிற தண்ணீர் கூடாது. கூவம் நேப்பியர் பாலத்தின் பக்கம் கடலில் சேர்கிறது. அடையாறு பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே சேர்கிறது. இரண்டும் கொண்டுவருவது ஊர்ச் சாக்கடையை. வடக்கே எண்ணூரில் 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியதை எல்லோரும் பார்த்தோம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோரக் கடலின் உப்பும் நன்றாகக் குறைந்துவிடும், அக்டோபரில் எடுத்த தண்ணீரும் மே மாதத் தண்ணீரும் ஒன்றாக இருக்காது.

கடல்நீர்தான் வேண்டுமென்றால் படகில் போகிற மீனவர்களிடம் சொல்லி, ஆற்று முகங்களிலிருந்து விலகி, கலங்கல் இல்லாத ஆழத்தில் எடுத்துவரச் சொல்லுங்கள். டீசல் கேனைத் தொடக்கூடக் கூடாது. பஞ்சு வடிகட்டியில் வடித்து, இருட்டில் ஒரு வாரம் வைத்து, உப்பை அளந்து சரி செய்து பயன்படுத்துங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் உள்ள இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள்கூடக் கடல்நீரை மணலில் வடித்து, குளோரின் போட்டு, அந்தக் குளோரினையும் நீக்கிய பிறகுதான் தொடும். இவ்வளவையும் செய்ய நேரமில்லை என்றால் சால்ட் பாக்கெட்தான் மலிவு.

கேள்வி: காலையில் பார்த்தால் க்ளீனர் ஷ்ரிம்ப் நாலும் மல்லாந்து கிடக்கின்றன. டாம்சல் ஒன்று சுற்றிச் சுற்றி நீந்துகிறது. தண்ணீர் டெஸ்ட் எல்லாம் சரியாக இருக்கிறது. – வாசகி, கொடுங்கையூர்

முந்தின மாலை தெருவில் கொசு மருந்துப் புகை அடித்தார்களா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் வீட்டில் லிக்விட் கொசு மருந்து, பத்தி, கரப்பான் ஸ்ப்ரே ஏதாவது? இவற்றில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. மனிதருக்கு அவ்வளவாகத் தெரியாது. இறால், நண்டு வகைக்கு மிகக் கொஞ்சமே போதும், மீனையும் விடாது. ஏர் பம்ப் இந்த அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் விடுகிறது. ஸ்கிம்மரும் அப்படித்தான். ஷ்ரிம்ப் முதலில் போய் மீன் பிறகு தள்ளாடினால் என் சந்தேகம் எப்போதும் கொசு மருந்து மேல்தான்.

உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள், ஃபில்டரில் புது ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். இனிமேல் அந்த அறையில் கொசுவலை மட்டும். தெருவில் புகை வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலை மூடி, ஏர் பம்ப்பை அரைமணி நேரம் நிறுத்துங்கள். வேவ்மேக்கர் ஓடட்டும்.

கேள்வி: அண்ணா, நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா இரண்டு க்ளவுன் மீன் வாங்கித் தந்தார். அதற்கு அனிமோன் என்கிற பூப்போன்ற கடல் உயிரியும், உயிருள்ள பவளமும் வாங்கி வைத்தால் சந்தோஷமாக இருக்குமா? – வாசகி, அசோக் நகர்

தங்கச்சி, நல்ல கேள்வி. கடலில் க்ளவுன் மீன் அனிமோனுக்குள் ஒளிந்துகொள்வது பெரிய மீன்களிடமிருந்து தப்பிக்க. உன் தொட்டியில் அதைத் துரத்த யாரும் இல்லை. அனிமோன் இல்லாமலேயே ஜோடியாக நன்றாக வாழும், முட்டைகூட இடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 வருஷம் தாண்டியும் இருக்கும். அனிமோனுக்கு மிகவும் பலமான விளக்கும், ஒரு வருஷமாவது ஓடிய தொட்டியும் வேண்டும். பிடிக்காத இடத்தில் வைத்தால் நகர்ந்து போய் வேவ்மேக்கரில் சிக்கும், தண்ணீர் முழுக்க விஷமாகிவிடும். இப்போது வேண்டாம்.

பவளத்தைப் பற்றி அப்பாவிடமும் காட்டு. நம் கடலின் பவளப் பாறைகள், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் சேர்க்கப்பட்டவை. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. எடுத்தாலோ விற்றாலோ 3 முதல் 7 வருஷம் வரை சிறை. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. மிச்சமிருக்கும் பவளமும் கடல் ஒன்றிரண்டு டிகிரி சூடானாலே வெளுத்துப்போகிறது. 1998, 2010, 2016 மூன்று தடவையும் அங்கே அப்படி ஆனது. ‘லைவ் ராக்’ என்று சொல்லி உடைத்த பவளத் துண்டை யார் கொடுத்தாலும் வாங்காதே. சிமென்டிலும் செராமிக்கிலும் செய்த கல் கிடைக்கிறது, பாக்டீரியா அதிலும் அருமையாகக் குடியேறும். மீன் வாங்கும்போதும் பண்ணையில் பொரித்ததா என்று கேள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் க்ளவுன் மீனைப் பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். கடலிலிருந்து பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாத மீன் அது.

கேள்வி: மீன்களின் உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். நாலு நாளில் தானாகப் போய்விட்டது. இப்போது இரண்டு மடங்காக வந்திருக்கிறது. – வாசகர், குரோம்பேட்டை

போகவில்லை சார், இறங்கியிருக்கிறது. மீனின் மேல் சில நாள் தின்று கொழுத்த ஒட்டுண்ணி உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் கூடு கட்டும். ஒவ்வொரு கூட்டிலிருந்தும் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வெளியே வந்து மீனைத் தேடும். நடுவில் மீன் சுத்தமாகத் தெரிகிற அந்த நாட்களில்தான் எல்லோரும் ஏமாந்துவிடுகிறார்கள்.

எல்லா மீனையும் வேறு தொட்டிக்கு மாற்றி, அங்கே காப்பர் மருந்தை டெஸ்ட் கிட் வைத்து அளந்து கொடுங்கள். பெரிய தொட்டியில் காப்பர் ஊற்றவே கூடாது. ஷ்ரிம்ப், நத்தை எல்லாம் சாகும், கல்லிலும் ஊறிவிடும். பெரிய தொட்டி 76 நாள் மீன் இல்லாமல் ஓடட்டும், மீன் கிடைக்காத குஞ்சுகள் செத்துப்போகும். இனி எந்த மீன் வந்தாலும் ஒரு மாதம் தனித் தொட்டி.

கேள்வி: தினமும் டெஸ்ட் செய்து எக்ஸெல்லில் போடுகிறேன். பி.எச். காலையில் 7.8-தான், அதனால் அதை ஏற்ற தினம் பஃபர் மருந்து ஊற்றுகிறேன். ஆல்கலினிட்டி (பி.எச். இறங்காமல் தாங்கும் சக்தி) 14 ஆகிவிட்டது. நைட்ரேட் 60. வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றியும் இறங்கவில்லை. எந்த மருந்து வாங்கட்டும்? – வாசகர், சோழிங்கநல்லூர்

எதுவும் வாங்க வேண்டாம். பஃபரை இன்றோடு நிறுத்துங்கள்.

தொட்டி படுக்கையறையிலா இருக்கிறது? ராத்திரி ஏசி போட்டு, கதவு ஜன்னல் எல்லாம் அடைத்துத் தூங்குகிறீர்களா? அப்படியானால் நீங்கள் விடும் மூச்சின் கரியமில வாயுவெல்லாம் அந்த அறையிலேயே தங்கித் தண்ணீரில் கரைகிறது. பி.எச். இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். சந்தேகமென்றால் ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரைப் பால்கனிக்குக் கொண்டுபோய் ஏர் பம்ப்பில் ஒரு மணி நேரம் குமிழிவிட்டு, திரும்ப அளந்து பாருங்கள். ஏறினால் குற்றம் அறைக் காற்றில்தான் இருக்கிறது. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விடுங்கள். ஆல்கலினிட்டி தண்ணீர் மாற்ற மாற்றத் தானாக 8, 9-க்கு வந்துவிடும்.

நைட்ரேட் கணக்கு எளிது. 10 சதவீதம் மாற்றினால் 60 என்பது 54 ஆகும். வாரம் முழுக்க நீங்கள் போடும் தீனி அந்த ஆறைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதனால் வருகிற வழியைப் பாருங்கள். நாளைக் காலை தீனி போடும்போது செல்போனை வைத்துவிட்டு முழங்கால் போட்டுக் கண்ணாடி அருகே உட்காருங்கள். ஃப்ரோசன் க்யூப்பை (உறைய வைத்த தீனிக் கட்டி) நேராகப் போட்டீர்களானால் அது கரையக் கரைய ஒரு கலங்கல் நீர் பிரிந்து ஓடுவது தெரியும். அதில் மீன் தின்ன ஒன்றும் இல்லை, எல்லாம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஆகிற சரக்கு. டீ வடிகட்டியில் வைத்து ஆர்.ஓ. தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். ஒரு சிட்டிகை போட்டு, அது மணலைத் தொடுவதற்குள் மீன் முடித்ததா என்று பாருங்கள். தொட்டுவிட்டால் அன்றைக்கு அதுவே போதும். ஃபில்டர் துணியை மூன்று நாளுக்கு ஒருமுறை துவையுங்கள். அழுக்கு அதில் இருக்கும் வரை தொட்டிக்குள் இருப்பதாகத்தான் அர்த்தம். ஸ்கிம்மர் கப்பில் கட்டன் டீ நிறத்தில் நாறுகிற தண்ணீர் சேர்ந்தால் நல்லது, அவ்வளவும் தொட்டியைவிட்டு வெளியேறியது. சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே உள்ள ஃபில்டர் தொட்டி) ஒரு கைப்பிடி கேட்டோ என்கிற பாசி போட்டு, இரவில் மட்டும் விளக்கு காட்டுங்கள். பாசி வளர வளர நைட்ரேட்டைத் தின்னும், இரவில் கரியமில வாயுவையும் இழுத்து பி.எச்.சைத் தாங்கும்.

இவற்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள் சார். வாரத்துக்கு ஒரு மாற்றம். தினம் அளந்து தினம் திருத்தினால் எது எதைச் செய்தது என்று உங்கள் எக்ஸெல்லாலும் சொல்ல முடியாது, மீனுக்கும் தினம் ஒரு புதுத் தண்ணீராக இருக்கும். 7.9-லேயே நிற்கிற தொட்டியை நான் நம்புவேன். பாட்டிலைப் பிடித்துக்கொண்டு 8.3-க்குத் தாவி, மறுநாள் 7.8-க்கு விழுகிற தொட்டியை நம்ப மாட்டேன்.

கேள்வி: பத்து நாள் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டு மாமி தீனி போடுவதாகச் சொல்கிறார். – வாசகி, மயிலாப்பூர்

மாமியிடம் டப்பாவைக் கொடுக்காதீர்கள். அன்புள்ளவர்கள்தான் அள்ளிப் போடுவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்; ஐந்து சின்னப் பொட்டலம் மடித்துத் தேதி எழுதிவிடுங்கள். ஆர்.ஓ. கேனையும் கண்ணாடியில் கோட்டையும் காட்டிக்கொடுங்கள், அந்த வேலைதான் தீனியைவிட முக்கியம். கிளம்பும் முன் பிளக் பாயின்ட் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். வயர் வழியாக உப்பு ஏறி, பின்னுக்கடியில் வெள்ளையாகப் பூத்திருக்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டுத் துடைத்து, ஒவ்வொரு வயரும் பாயின்ட்டுக்குக் கீழே ஒருமுறை தொங்கிவிட்டு மேலேறும்படி கட்டுங்கள். அப்போது சொட்டும் தண்ணீர் தரையில் விழும், பிளக்குக்குள் போகாது. எந்த ஸ்விட்ச் எதற்கு என்று மேலேயே ஒட்டிவிட்டு, உங்கள் செல் நம்பரையும் தொட்டி மேல் எழுதி வையுங்கள்.